லைன் கிளியர், படகு தெரியுது

முதலியார்பேட்டையில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் எனக்கு வேலை. உள்ளூர் சேனலில் திரையின் அடியில் ஓடும் வரிகளை டைப் செய்வது நான்தான். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, ஆடித் தள்ளுபடி எல்லாம் என் கை வழியாகத்தான் ஊருக்குப் போகும். என் வீட்டுக்காரர் அதே ஆபீசில் லைன்மேன். ஊருக்கே எழுதிக் காட்டுகிற எனக்கு, படிக்கத் தெரியாத புருஷன். தன் அப்பாவோடு கடலுக்குப் போவதற்காக இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். எழுத்து தனித்தனியாகத் தெரியும். சேர்ந்து வந்தால் திணறுவார்.

இத்தனை வருஷம் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எந்த வீட்டில் படம் வரவில்லை என்று நான் போனில் சொல்வேன், அவர் போய்ச் சரிசெய்வார். போன வருஷம் முதலாளி ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார். பொங்கலுக்குப் பிறகு புகார்கள் எல்லாம் லைன்மேன்களின் போனுக்கு எழுத்திலேயே நேராகப் போய்விடுமாம். அதைக் கேட்டுவிட்டு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

“பேசாம வேலைய வுட்டுடட்டுமா?” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வுட்டுட்டு? சிலேட்டு வாங்கியாறேன், ஒக்காருங்க.”

“பக்கத்து வூட்டுல பாத்தா மானம் போயிடும்” என்று எழுந்துவிட்டார். வேலை போனாலும் பரவாயில்லை, விஷயம் வெளியே தெரியக் கூடாது. அப்படி ஒரு வீம்பு.

யோசித்துப் பார்த்தேன். இந்த மனுஷன் நாள் முழுக்க டிவி முன்னால்தானே நிற்கிறார்! ஒயரைச் சரிசெய்ததும் ஒவ்வொரு சேனலாக மாற்றிப் பார்க்க வேண்டும். கடைசியில் எங்கள் சேனல். அங்கே ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

மறுநாள் பட்டுப்புடவைத் தள்ளுபடிக்கும் ஒரு காதுகுத்து வாழ்த்துக்கும் நடுவே ‘படகு’ என்று ஓடவிட்டேன். காலையில் கிளம்பும்போதே வார்த்தையை அவர் காதில் போட்டிருந்தேன். மத்தியானத்துக்குள் போன் வந்தது.

“லைன் கிளியர். படகு தெரியுது.”

பின்னால் அந்த வீட்டு அம்மாவின் குரல்: “படகு எங்கப்பா தெரியுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே!”

அன்றிலிருந்து தினம் ஒரு வார்த்தை. ஏணி, வஞ்சிரம், மின்சாரம், பிறகு தெருப் பெயர்கள். ஊர் சும்மா இருக்குமா? ஏதோ பரிசுப்போட்டி என்று நினைத்துக்கொண்டு போன்மேல் போன். ‘ஏணி’ ஓடிய அன்று ஒருவர், “விடை பாம்புதானேம்மா?” என்று அடித்துக் கேட்டார். முதலாளி வந்து விசாரித்தபோது “டெஸ்டிங் சார்” என்று சமாளித்தேன். சனங்கள் சேனலைப் பார்க்கிறார்களே என்ற சந்தோஷத்தில் அவர் மேற்கொண்டு நோண்டவில்லை.

பொங்கல் நெருங்கியது. அவர் படிக்கிறாரா, காலையில் நான் சொன்னதை ஒப்பிக்கிறாரா என்று எனக்கே சந்தேகம். ஒருநாள் எதுவும் சொல்லாமல் அனுப்பினேன். அடுப்பையும் பற்றவைக்கவில்லை. ஆபீசுக்குப் போய் டைப் செய்தேன்: ‘இன்று வீட்டில் சமைக்கவில்லை. வரும்போது இரண்டு பிரியாணி வாங்கி வரவும்.’

ஊர் போன் அடித்துத் தீர்த்தது. “எங்க வூட்லயும் சமைக்கலம்மா, எந்தக் கடைன்னு போடு” என்றாள் ஒருத்தி. அவரிடமிருந்து மட்டும் போன் இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து காலி அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறுங்கையோடு வந்து “சோறு போடு” என்று சொல்லிவிடுவாரோ? அப்படிச் சொல்லிவிட்டால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

வண்டிச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் கையில் ஒரு பை, பைக்குள் இரண்டு பொட்டலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் என் குணம் எங்கே போகும்?

“யாரு படிச்சிக் காட்டுனாங்க?” என்று கேட்டேன்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “கடைசியா போன வூட்ல ஒரு அம்மா இருந்தாங்க. ‘எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா, கீழ என்னமோ ஓடுதே, என்னாது அது’ன்னு கேட்டாங்க.”

கை கழுவப் போனவர் நின்று திரும்பினார்.

“நான்தான் படிச்சிக் காட்டுனேன்.”