விஜி கேட்ட ஊர்

கோடை விடுமுறையில் தோழிகள் மூவரும் எங்காவது போய்வரலாம் என்று பேசியபோது, நானும் அமுதாவும் கொடைக்கானல் என்றோம். விஜிக்கு அப்போதுதான் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்திருந்தது. குளிர்ந்த ஊரில் அவள் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தோம்.

காளவாசலில் இருந்த தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு விஜி பிடிவாதமாக, "பெங்களூருதான்" என்றாள்.

"அம்புட்டுக் கூட்டத்துல ஒன்னால நடக்க முடியுமாடி?" என்றேன்.

தலையில் கட்டியிருந்த துணியை அவள் இழுத்துவிட்டுக்கொண்டாள். "இங்க பால் வாங்கப் போனாக்கூட, இப்ப எப்படி இருக்குன்னு நிறுத்திக் கேக்குறாங்க. என்னைத் தெரியாத கூட்டத்துல நடக்கணும்டி. நீயும் வந்ததும் என் தலையைத்தான் பாக்குற."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் வாரந்தோறும் சமயநல்லூரிலிருந்து பஸ் ஏறி அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்தேன்.

பெங்களூர்க் கடைத்தெருவில் விஜி தலைத்துணியை அவிழ்த்துப் பைக்குள் போட்டாள். வளையல் கடைக்காரர் அவளைப் பார்த்து, "திருப்பதியா?" என்று தமிழில் சாதாரணமாகக் கேட்டார்.

"ஆமாண்ணே, வேண்டுதல்" என்று சொல்லிவிட்டு, விலையைக் குறைக்கச் சொல்லி அவரோடு சண்டைக்கு நின்றாள். அமுதா அழுகையை அடக்கப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். நான் வளையல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தீபாவளிக்கு விஜி இல்லை.

இப்போதெல்லாம் உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்கப் போனால் நானாக நோயைப் பற்றிக் கேட்பதில்லை. வெயில், பிள்ளைகள் என்று பேசிவிட்டு வருகிறேன். அது சரியா, போதுமா என்று தெரியவில்லை. விஜி இருந்திருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாள்.