ஒரு பூட்டன், இரண்டு பேரன்கள்

செத்தவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தேடி வந்தவர்களுக்கு அவர்களைப் பிடிக்க வேண்டுமே, அதுதான் கஷ்டம். தமிழா மலையாளமா என்ற எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருஷங்களில், பாறசாலைப் பக்கம் ஒரு சபையில் பழைய ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொந்த வம்சத்தைக் கிளறிப் பார்த்து விழித்தவரா நீங்கள்? அப்படியானால் நம்ம ஆள்தான்.

பூட்டி போதும்

ஞானமுத்து மேடைப் பேச்சாளர். எங்கள் தாலுகா தமிழகத்தோடு சேர வேண்டும் என்று தொண்டை கட்டப் பேசுவார். ஒரு கூட்டத்தில் எவனோ, "உனக்க பூட்டன் மலையாளியாக்கும்!" என்று கத்திவிட்டான். மறுநாள் காலையிலேயே ஆதாரம் கேட்டு வந்துவிட்டார்.

பூட்டனின் விவாகப் பதிவு கிடைத்தது. மாப்பிள்ளை மத்தாயி மலையாளத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பெண் சாராள், மிஷன் பள்ளியில் படித்தவள், தமிழில். முழுப் பதிவையும்தான் நகலெடுக்க முடியும் என்றேன். ஞானமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"பூட்டியை மட்டும் எழுதித் தாரும் ஓய், பூட்டனைக் கரையான் தின்னாச்சுன்னு போடும்."

பூட்டன் மதி

அடுத்த வாரம் அவருடைய தம்பி வேதமணி வந்தார். மலையாளப் பள்ளியில் தற்காலிக வாத்தியார்; 'போதும்' என்பதைக்கூட மலையாளத்தில் 'மதி' என்றுதான் சொல்வார். அண்ணன் பேசுகிற பேச்சில் தன் வேலை போய்விடும் என்று பயம். தாங்கள் மலையாளக் குடும்பம்தான் என்று மேலிடத்தில் காட்ட வேண்டுமாம்.

அதே பக்கத்தைத் திறந்தேன். பூட்டன் கையெழுத்தைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. பக்கத்திலேயே பூட்டியையும் கண்டார், முகம் சுருங்கியது. அண்ணனுக்குச் சொன்ன பதிலையே சொன்னேன்.

"எனக்குப் பூட்டன் மதி சாறே, பூட்டியை அண்ணனே வச்சுக்கிடட்டு!"

மூன்றாவது ஆள்

அந்த மாதமே கள்ளிக்காட்டிலிருந்து தங்கம்மை வந்தாள். இந்த இருவரின் தகப்பனுக்கு மூத்த தாரத்து மகள். தாய் பிரசவத்தில் போக, மாமன் வீட்டில் வளர்ந்தவள். தகப்பன் சாவுக்கு ஓடி வந்தவளை "இவ யாரு?" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் அண்ணனும் தம்பியும் அதில் மட்டும் ஒரே குரல்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் அவள் இருந்தாள். தகப்பன் பெயரை வாசித்துக் காட்டினேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். நகல் தமிழிலா மலையாளத்திலா என்று கேட்டதும், அந்த வரிமேல் வைத்த விரலை எடுக்காமலே சொன்னாள்.

"ஏது பாஷையானாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது சாறே, அப்பன் பேரு விட்டுப்போகாம எழுதும்."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, முன்னோரைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அவர்கள் எங்கே கிடைத்துவிடுவார்களோ என்றுதான் பயம்.