தொழிற்சந்தைக்குப் போன கலியாணத் தரகர்

கிண்ணியாவில் கலியாணம் முடித்தவர்களில் பாதிப்பேருக்கு ரபீக்கா ராத்தாமேல் நன்றி இருக்கிறது. மற்றப் பாதிப்பேருக்குக் கோபம் இருக்கிறது. நான் காலையில் ஒரு கட்சி, மாலையில் மற்றக் கட்சி. என் மனைவி பஸ்மியாவை எனக்குப் பேசி முடித்தவர் ராத்தாதான். பிள்ளை அதிகம் கதைக்காது என்று சொல்லித்தான் முடித்துவைத்தார். இதைப் பற்றி மேற்கொண்டு எழுதினால் இன்று வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

ஊருக்கே அக்காவான ராத்தா தரகு பார்க்கத் தொடங்கி முப்பது வருடமாகிறது. வெயிலோ மழையோ, ஒரு குடை, ஒரு கைப்பை, அதற்குள் ஊர்ப் பிள்ளைகளின் படங்கள். அவருடைய தொழிலில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை சாப்பிட்டுக் கை கழுவும்வரை தரகுக் காசைத் தொடமாட்டார். அதுவரைக்கும் தேத்தண்ணியும் பஸ் காசும் மட்டும்தான். மற்றது, குறையை அவர் வாயால் சொல்லமாட்டார். குறையைக் கண்டுபிடிப்பது எதிர்ப்பக்கத்தின் வேலை என்பார். வயதில் இரண்டு மூன்றைக் குறைப்பார், உயரத்தில் ஒரு அங்குலத்தைக் கூட்டுவார். முன்கோபக்காரனை "சுறுசுறுப்பான பொடியன்" என்பார். இப்படி அவர் சேர்த்துவைத்த ஜோடிகள் சண்டை பிடித்தாலும் பிரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊரையே கரைசேர்த்த இந்த மனுசிக்கு ஒரே மகள், ஷிஃபானா. அவள் விமானி. உண்மையாகத்தான். அவளுடைய வாப்பா முத்தலிப் சவூதியில் பார வாகனம் ஓட்டுகிறார். மகள் விமானம் ஓட்டப் படிக்கப்போகிறேன் என்றபோது, எல்லாம் ஓட்டுகிற வேலைதானே என்று சொல்லி ஒத்துக்கொண்டாராம். ரத்மலானை விமானப் பள்ளியில் படித்து, வர்த்தக விமானி உரிமமும் எடுத்து வந்தாள். ராத்தா அதைச் சட்டம் போட்டு ஹோலில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். வருகிற மாப்பிள்ளை வீட்டார் முதலில் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், பிறகு உரிமத்தைப் பார்ப்பார்கள், பிறகு எழும்பிப் போய்விடுவார்கள்.

உரிமம் இருந்தது, வேலைதான் இல்லை. விமானக் கம்பனிகள் எல்லாம் இன்னும் அதிக மணித்தியாலம் பறந்திருக்கவேண்டும் என்றன. வேலை கிடைத்தால்தானே பறக்கலாம், பறந்தால்தானே மணித்தியாலம் சேரும். ஷிஃபானா கணினிக்கு முன்னால் இருந்து விண்ணப்பம் அனுப்புவாள், பதில் வராது. கிட்டவுள்ள சீனக்குடாத் தளத்தில் விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் குசினி ஜன்னலடிக்குப் போய் நின்று பார்ப்பாள்.

இந்த நேரத்தில்தான் தோப்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் பொறியியலாளர். நல்ல குடும்பம், அதில் ஒரு சொல்லுச் சொல்ல ஏலாது. ஒரேயொரு நிபந்தனை: பிள்ளை பறக்கிற எண்ணத்தை விட்டுவிடவேண்டும். ராத்தாவுக்கு வாயெல்லாம் பல். ஷிஃபானாவுக்கு முகம் செத்துப்போனது.

அப்போதுதான் கைப்பேசியில் அந்த விளம்பரத்தைக் கண்டாள். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் விமானிகளுக்கான தொழிற்சந்தை. உள்ளே போக டிக்கெட் எடுக்கவேண்டும். வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று வகை. தங்க டிக்கெட் எடுத்தால் ஒரு விமானக் கம்பனியின் அதிகாரியோடு தனியாக இருந்து கதைக்கலாம், கூட வருகிற குடும்பத்தார் இரண்டு பேருக்கும் இடம் உண்டு.

ராத்தா விளம்பரத்தை வாசித்துவிட்டு அது நகைக்கடையா தொழிற்சந்தையா என்று கேட்டார். பிறகு எனக்குச் சட்டம் படிப்பித்தார்.

"இது என்ன தரகு தம்பி? கடை போடுறவங்கட்டயும் வாங்குறான், புள்ளைகள்ட்டயும் வாங்குறான். அதுவும் நிக்காஹ்வுக்கு முன்ன."

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் மீன் இழுக்கிற கரைவலைக்கு ஆள் எடுக்கிற வலைச் சொந்தக்காரர் சம்மாட்டி, தொழிலாளிக்கு முற்பணம் கொடுத்துத்தான் கூட்டிப்போவார். வேலை கேட்டு வந்தவனிடம் வாசலில் காசு வாங்குகிற சம்மாட்டியை நான் கண்டதில்லை. ராத்தா அதோடு விடவில்லை. ஏற்பாட்டாளருக்கே அழைப்பு எடுத்து, போன வருடம் எத்தனை பேருக்கு வேலை பொருந்தியது என்று கேட்டார். அந்தப் பொடியன் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற கணக்கைச் சொன்னான். வந்து பார்த்தவர்களையெல்லாம் கணக்கில் எடுத்தால் தான் இந்தக் கிண்ணியா முழுவதையும் நாலு தரம் கட்டிக்கொடுத்தவள் என்று சொல்லி ராத்தா தொலைபேசியை வைத்தார்.

ஷிஃபானா வாதாடவில்லை. உம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் விடச்சொன்னாள். அங்கே போயும் வேலை சரிவராவிட்டால் தோப்பூர் மாப்பிள்ளைக்கு ஓம் சொல்வதாக வாக்குக் கொடுத்தாள். ராத்தா தங்க டிக்கெட்டையே எடுக்கச் சொன்னார்.

என்னிடம் வான் இருப்பதால் நானும் குடும்பத்தாராகிவிட்டேன். முதல் நாளே போய் மருதானையில் அவர்களுடைய உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை புறப்படும்போது ராத்தாவின் கையில் இரண்டு தயிர்ச் சட்டிகள். கிண்ணியா எருமைத் தயிர். சம்பந்தம் பேசப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவதா என்று என்னிடம் கேட்டார். ஹோட்டல் வாசலில் காவலுக்கு நின்றவர் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமுடியாது என்றார். ராத்தா அவருக்குக் கலியாணமாகிவிட்டதா என்று விசாரித்தார். ஆகிவிட்டது என்று தெரிந்ததும் ஆர்வம் போய், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று இரண்டு சட்டியையும் அவரிடமே கொடுத்துவிட்டார்.

உள்ளே குளிர். கழுத்துப்பட்டி கட்டிய பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கோப்புகளோடு நின்றார்கள். எல்லா முகத்திலும் ஷிஃபானாவின் முகத்தில் இருந்த அதே பயம். ராத்தா கடைகளைப் பார்த்தபடி ஒரு சுற்று வந்தார். ஒரு கடையில் இன்னொரு பயிற்சிக்கு ஆள் சேர்த்தார்கள். அடுத்ததில் அந்தப் பயிற்சிக்குக் கடன் கொடுத்தார்கள். அதற்கடுத்ததில் விமானி உடுப்பு விற்றார்கள். வேலையைத் தவிர எல்லாம் இருந்தது. விமானக் கம்பனிக் கடைகள் மூன்றோ நாலோதான். அவற்றில் நின்ற பிள்ளைகள் பேனை ஒன்றைத் தந்து, இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லிச் சிரித்தார்கள். பெண் பார்க்கிற சாட்டில் வட்டிலப்பம் சாப்பிட வருகிற கூட்டம் இது என்று ராத்தா என் காதுக்குள் சொன்னார். நான் கொடுப்புக்குள் சிரித்தேன். ஷிஃபானா சிரிக்கவில்லை.

பிறகு தங்க டிக்கெட்காரர்களைக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தவர் கப்டன் பிரகலாதன். தலை நரைத்த, அமைதியான மனிதர். தமிழில் கதைத்தார். சொந்த இடம் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பட்டணமான திருகோணமலை ரவுண் என்று தெரிந்ததுதான் தாமதம், ராத்தா எந்த வீதி, யாருடைய மகன் என்று தொடங்கி அவர் தகப்பன் வேலை பார்த்த கந்தோர் வரைக்கும் போய்விட்டார். கப்டன் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு ஷிஃபானாவின் பக்கம் திரும்பினார்.

இங்கேதான் வந்தது வினை. எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தால் பெண் வாய் திறப்பதில்லை. கேள்வி அவளைப் பார்த்து வரும், பதில் பெரியவர்களிடமிருந்து போகும். முப்பது வருடமாக அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி ராத்தாவுக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிவிட்டது. ஏன் விமானியாக விரும்பினீர்கள் என்று கப்டன் கேட்டார். ராத்தா பதில் சொன்னார். கஷ்டமான நேரத்தில் பதற்றப்படுவீர்களா என்று கேட்டார். பிள்ளைக்குப் பதற்றம் என்றால் என்னவென்றே தெரியாது, தொழுகையும் ஒழுங்கு, மீன் ஆணமும் நன்றாகக் காய்ச்சுவாள் என்றார் ராத்தா.

கப்டன் பேனையை மூடினார். கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்று கேட்டார். ஷிஃபானா வாயெடுக்க முதல் ராத்தா, போன மாதம் என்றார். சோதனையெல்லாம் எப்படி என்று கப்டன் கேட்டார். எல்லாம் முதல் தரத்திலேயே பாஸ் என்றார் ராத்தா.

இரண்டும் பொய். பறந்து வருடமாகப் போகிறது. இறுதிப் பறப்புச் சோதனையில் அவள் முதல் தடவை தவறியது எனக்கும் தெரியும். ராத்தாவின் கணக்கில் அது பொய்யே அல்ல. வயதில் இரண்டு குறைக்கிற மாதிரி, வழமையான தரகுதான்.

ஷிஃபானா உம்மாவின் கையைப் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

ராத்தாவை அப்படி யாரும் எழுப்பி நான் கண்டதில்லை. எத்தனையோ சபையில் மாமிமாரையும் மாமாமாரையும் வாயடைக்கவைத்த மனுசி, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்னைப் போகச்சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் நான் இருந்துவிட்டேன்.

"இல்ல சேர்" என்றாள் ஷிஃபானா. "நான் பறந்து வருசமாகப் போகுது. சோதனையில முதல் தரம் ஃபெயிலானனான்."

ஏன் என்று கேட்டார் கப்டன். இறங்கும்போது பக்கக் காற்று அடித்தது, விமானம் ஓடுபாதையை விட்டு விலகியது, உடனே திரும்ப மேலே ஏறியிருக்கவேண்டும், சமாளித்துவிடலாம் என்று நினைத்துத் தாமதித்துவிட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னாள். இப்போது என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஏலாது என்று தெரிந்த உடனேயே மேலே ஏறுவேன், வெட்கம் பார்க்கமாட்டேன் என்றாள். எனக்கு விமானத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அவள் ஓட்டுகிற விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருப்பேன்.

கப்டன் மூடிய பேனையை மேசையில் வைத்தார்.

"நீங்கள் உண்மை சொன்னபடியால் நானும் சொல்லுறன், பிள்ளை. இண்டைக்கு என்னட்ட வேலை இல்லை. இங்க கடை போட்டிருக்கிற ஒருத்தரிட்டயும் இல்லை."

வருட முடிவில்தான் தங்கள் கம்பனி ஆள் எடுக்கும் என்றார். அதற்கு இணையத்தில் சும்மா விண்ணப்பிக்கலாம், எந்த டிக்கெட்டும் தேவையில்லை. தவறிய கதையை அவளே முதலில் எழுதவேண்டும், இப்போது சொன்ன மாதிரியே எழுதவேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் நீங்கள் எதற்கு இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். கம்பனியின் பெயர் நாலு பேருக்குத் தெரியவேண்டுமாம், அனுப்பினார்கள், வந்தேன் என்று சொல்லிச் சங்கடத்தோடு சிரித்தார். நல்ல மனிதர்தான்.

திரும்பும் வழியில் கண்ணாடித் தடுப்புக்குள் நடந்ததை ராத்தாவுக்குச் சொன்னேன். குருநாகல் தாண்டியபிறகு நான்தான் வாயைக் கொடுத்தேன். வேலை இல்லை என்று கேட்பதற்கா இவ்வளவு தூரம் வந்து டிக்கெட் எடுத்தோம் என்று புறுபுறுத்தேன். அது அப்படியல்ல, இவ்வளவு காலமும் ஒரு பதிலும் வரவில்லை, முதல் தடவையாக ஒருவர் முகத்தைப் பார்த்து உண்மை சொன்னார் என்றாள் ஷிஃபானா. அதற்குத் தங்க டிக்கெட் அதிகம்தான் என்றும் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உம்மா, தோப்பூருக்கு ஓம் எண்டு சொல்லுங்க."

முன்சீட்டில் இருந்த ராத்தா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். வெளியே அனுப்பிவிட்ட கோபம் இன்னும் போகவில்லை என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாயும் நேரம் தம்பலகாமத்துக்குக் கிட்ட ரோட்டில் யானை நின்றது. முன்னால் லொறிகளும் பஸ்களும் வரிசையாக நின்றன. நான் எஞ்சினை நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து ராத்தாவின் கைப்பேசி அடித்தது. தோப்பூர் மாப்பிள்ளையின் தாய். போன விசயம் என்ன ஆனது என்று கேட்பது எங்களுக்கும் கேட்டது. பின்னால் ஷிஃபானா கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலை சரிவரவில்லை என்றார் ராத்தா. மற்றப் பக்கத்தில் அந்த மனுசி அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு குறை இருக்கு, அத நானே சொல்லிடுறன். என்ட மகள் பறக்கிற புள்ள. கலியாணம் முடிச்சாலும் பறக்கத்தான் பாப்பாள். உங்களுக்கு அது ஏலாது எண்டா, வேற இடம் பாருங்க."

அந்தப் பக்கத்தில் குரல் தாழ்ந்தது, என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. ராத்தா மரியாதையாக ஸலாம் சொல்லி வைத்துவிட்டார். முப்பது வருடத் தரகில் அவர் தன் கையால் ஒரு சம்பந்தத்தைக் குலைத்தது அன்றைக்குத்தான்.

"நான் வாக்குத் தந்தனான்தானே உம்மா" என்றாள் ஷிஃபானா.

"ஓம், தந்த. எனக்குத்தானே தந்த" என்றார் ராத்தா, திரும்பாமலே. "நான் அத விட்டுட்டன்."

ஷிஃபானா பின்னாலிருந்து உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. யானை எப்போது விலகிப் போனதென்று நான் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பஸ்காரன் ஹோன் அடித்தபிறகுதான் வானை எடுத்தேன்.