எருமைக்குக் குடை பிடித்தவர்

அறுபதுகளில் ஒரு மே மாதம். கொளுத்தும் வெயிலில் பால் வரத்து நின்றுபோகவே, கைக்குழந்தைக்காகச் செம்பூர் எருமைத் தபேலாவுக்கே, அதாவது மாட்டுக்கொட்டிலுக்கே, நேரில் போனேன். மாடுகளைப் பார்த்துக்கொண்டவர் திருநெல்வேலிக்காரர். கறுத்து நெடிய உடம்பு, தலையில் ஈரத்துண்டு. எருமைகளிடம் இந்தியில்தான் பேசுவார். பாவம், அதுகளுக்குத் தமிழ் தெரியாது என்பார்.

அன்று ஓர் எருமை சுருண்டு விழுந்து, நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தொட்டியில் கொஞ்சம்தான் மிச்சம். அவர் என் கையிலிருந்த குடையைப் பிடுங்கி எருமையின் தலைக்கு மேல் பிடித்தார். வாளியை என்னிடம் நீட்டினார்.

"கழுத்துல ஊத்துங்க சார்."

"நானும் வெயில்லதானேய்யா நிக்கறேன்?"

"நீங்க பால் தருவியளா?"

ஆபீஸ் சட்டையோடு தொட்டியில் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஒருவழியாக எருமை எழுந்து நின்றது. "ஷாபாஷ் பேட்டி!" என்று பெற்ற மகளை மெச்சுவதுபோல் மெச்சியவர், அடுத்த நொடி தாமே கண் சொருகிச் சரிந்தார். பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தேன். கண்ணைத் திறந்தவர் என்னை முறைத்தார்.

"தண்ணிய இப்படியா வீணாக்குவிய? இன்னும் ஏழு உருப்படி நிக்குல்லா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.