ஷவருக்கடியில் ஒரு மலை ரோடு

வீடியோ பார்த்து, நாயுடுபுரம் வீட்டு ஷவருக்கடியில் நானே டைல்ஸ் ஒட்டினேன். தண்ணீர் வடிகால் ஜாலிப் பக்கம் போகாமல் வாசலைத் தேடி வந்தது. "ஆள் வெச்சுப் பண்ணுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு ஊருக்குப் போன மனைவி திரும்ப இரண்டே நாள்தான் இருந்தது.

பக்கத்து மலைக் கிராமமான பள்ளங்கியிலிருந்து வந்த கொத்தனார் தலையில் குரங்குக் குல்லா, உடம்பில் சிமெண்ட் படிந்த ஸ்வெட்டர். ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டி, டாக்டர் மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டார்.

"உள்ள பொந்தாக் கெடக்கு. எந்தப் பய சார் ஒட்டுனது? மலை ரோடு மாதிரில்ல போட்டுருக்கான்!"

"யாரோ ஒரு ஆளுங்க. சுத்த முட்டாள்," என்று நானும் சேர்ந்து திட்டினேன். திட்டத் திட்ட எனக்கே அவன்மேல் கோபம் வந்துவிட்டது.

"நாளைக்கு வெள்ளனே வாரேன். அவனையும் வரச் சொல்லுங்க. ஒட்டுனவனே பேத்தெடுத்தாத்தான் புத்தி வரும்."

மறுநாள் நான் மட்டும் பழைய கைலியில் நின்றேன். அவர் உளியையும் சுத்தியலையும் என் கையில் கொடுத்து, "கால் கட்டைவிரல் பத்திரம் சார்," என்றார். பெயர்த்த இடத்தில் சாயங்காலத்துக்குள் புதுக்கல் ஒட்டிவிட்டுப் போனார்.

என் குட்டு அவருக்கு எப்போது தெரிந்தது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சந்தையில் எங்களைப் பார்த்தால், மனைவி பக்கத்தில் நிற்கும்போதே, அக்கறையாக விசாரிக்கிறார்: "அந்த ஆளு சௌக்கியமா சார்?"