நாலாவது தேசிக்காய்

விமானச் சத்தம் கேட்டால் ஓடி ஒளிவதுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரே வழி. யாழ்ப்பாணத்தில் குண்டு போட பொம்பர் வந்தால் முற்றத்துப் பங்கர் குழிக்குள் குதித்து, காதைப் பொத்திக்கொண்டு கிடப்போம். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீடு லண்டன் ஹவுன்ஸ்லோவில், ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் போகிற தெருவில். வாய்த்த கணவரோ வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்.

வேலையாக அல்ல, ஆசைக்கு. பறக்கப் பழகி லைசென்ஸும் எடுத்த பிறகு அந்த ஆசை முற்றிவிட்டது. விமானம் பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்து இறங்கியது. எங்கள் சனத்தின் கராஜ்களில் அரிசி மூட்டையும் பழைய சோபாவும் இருக்கும். எங்கள் கராஜில் விமானத்தின் உடல் இருந்தது. இறக்கைகள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றன. திட்டிக்கொண்டேதான் அவருக்கு டோர்ச் பிடித்தேன். அவர் ஒவ்வொரு ஆணியாக இறுக்கும்போதும், இது கழன்றால் என்ன ஆகும் என்றுதான் நினைப்பேன்.

ஒருநாள் இருக்கைக்குக் கீழே ஒரு சின்னத் திருகாணி விழுந்துவிட்டது. அதைக் கண்டெடுக்காமல் சாப்பிட வரமாட்டேன் என்று நின்றார்.

"இஞ்ச பாரும், இந்தக் கம்பிதான் வாலை அசைக்கிறது. இதுக்குள்ளை ஏதும் சிக்கினால் மூக்கைத் தூக்க ஏலாது. அவ்வளவுதான்."

திருகாணி கிடைத்துவிட்டது. அந்த 'அவ்வளவுதான்' மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

பிறகு லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஓடுபாதைக்குக் கொண்டுபோய் இறக்கைகளைப் பூட்டினார்கள். பரிசோதகர் பார்த்துச் சரி சொன்னார். முதன்முதலாகப் பறக்கும் நாளன்று கணவரின் அக்கா, என் மச்சாள், கோயில் பையோடு வந்துவிட்டார். புதுக் கார் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டுதானே வெளிக்கிடுவோம். விமானத்துக்கு மட்டும் விலக்கா? மூன்று சில்லுக்கும் மூன்று வைத்தார். தன் சோதனைகளை எல்லாம் முடித்திருந்த கணவர் சிரித்துக்கொண்டே ஏறி எஞ்சினை முடுக்கினார். தேசிக்காய்கள் நசிந்தன. விமானம் ஓடுபாதையின் முனையை நோக்கி மெல்ல உருண்டது.

"எனக்குப் பயமாக் கிடக்கு மச்சாள்."

மச்சாள் என் கையைப் பிடித்தார். "ஒண்டும் நடவாது. நாலாவது தேசிக்காயை உள்ளுக்கு வைச்சு விட்டனான். அவன்ரை சீற்றுக்குக் கீழை. காவலுக்கு."

வாலை அசைக்கிற அந்தக் கம்பியும் அங்கேதான் ஓடுகிறது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "நிப்பாட்டுங்கோ!" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. முன்னால் சுழலும் விசிறியை விட்டு விலகி, அவர் கண்ணில் படுகிற பக்கமாக ஓடி, குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றி வீசிக் காட்டினேன். விமானச் சத்தத்தை நோக்கி நான் ஓடியது அன்றுதான்.

விமானம் நின்றது, எஞ்சினும் நின்றது. அவர் கோபத்தோடு கதவைத் திறந்தார். நான் இருக்கைக்குக் கீழே காட்டினேன். குனிந்து துழாவி, சந்தனப் பொட்டு வைத்த தேசிக்காயை எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் வெளிறிப்போனது.

"இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லுறீரோ?" என்று கேட்டார்.

'ஓம், வேண்டாம்' என்றால் போதும், இறங்கிவிடுவார். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நான் உள்ளே குனிந்து, கம்பியின் நீளத்துக்கும் என் கையாலேயே தடவிப் பார்த்தேன். மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். மனம் ஆறாமல் திரும்பவும் பார்த்தேன்.

"இப்பப் போங்கோ" என்று சொல்லி, தேசிக்காயை வாங்கிக்கொண்டேன்.

விமானம் எழும்பியபோது கால்கள் பழைய பழக்கத்தில் ஒளிய இடம் தேடின. நான் அசையவில்லை. அந்த வெட்டவெளியில், அது தரையைத் தொடும்வரை அண்ணாந்தபடியே நின்றேன். அவர் இறங்கி வந்து என் விரல்களைப் பிரித்தபோது, நாலாவது தேசிக்காயும் நசிந்து போயிருந்தது.