நான் கொன்ற கம்ப்யூட்டரும் சரோஜாவின் காதும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பதினெட்டு நிமிடத்துக்கு நான் ஒரு கம்ப்யூட்டரைக் கொன்றேன்.

நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் டைரியைத் தெரியும். பால் தாமதமாக வந்தது, டாலிகஞ்ச் மெட்ரோவில் கூட்டம் அதிகமாக இருந்தது, கிடர்பூர் ஆபீசில் மின்விசிறி புதிதாக ஒரு சத்தம் போட்டது... எல்லாம் அதில் ஏறிவிடும். கொலையை மட்டும் விட்டுவிட முடியுமா?

என்னுடைய கம்ப்யூட்டராக இருந்திருந்தால் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறந்திருப்பேன். அது சரோஜாவுடையது.

சரோஜா எங்கள் காலனியில் இரண்டு பிளாக் தள்ளி, அம்மாவோடு இருக்கிறார். வயது முப்பத்தெட்டு. அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. சரோஜா ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவருடைய கம்ப்யூட்டர் பேசும். திரையில் என்ன எழுத்து வந்தாலும் ஒரு ஆங்கிலேயக் குரல் கடகடவென்று வாசித்துக் காட்டும். அந்தக் குரலுக்கு சரோஜா வைத்திருக்கும் பெயர் துரை. 'துரை இன்னிக்கு மூக்கடைச்ச மாதிரி பேசறார்' என்பார்.

அந்த துரைதான் ஆறு மாதமாக அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வங்கியில் ஆபரேட்டர் நாற்காலியிலிருந்து அதிகாரி நாற்காலிக்குப் போக ஒரு துறைத் தேர்வு உண்டு. சரோஜா ஏற்கெனவே ஒரு முறை எழுதித் தேறாதவர். வயது வரம்பின்படி இதுதான் கடைசி வாய்ப்பு. விதிமுறைப் புத்தகங்களை ஆபீஸ் தோழிகள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கொடுத்திருந்தார்கள். சிலவற்றை வாய்விட்டுப் படித்துக் குரலாகவும் பதிந்து தந்திருந்தார்கள். எல்லாம் அந்தப் பெட்டிக்குள். தேர்வு அடுத்த ஞாயிறு. அதாவது, இதை நீங்கள் படிக்கும் இதே நாள்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது? ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. கடைசி நான்கு பாடங்களுக்கு இடமில்லை. நாற்பது ஜிபியில் புதிது ஒன்று வாங்கினார்கள். அதை மாட்டினால் கம்ப்யூட்டர் ஆரம்பத்திலேயே உறைந்து நின்றது. இந்த மதர்போர்டு பழசு, இவ்வளவு பெரிய டிஸ்க் உலகத்தில் உண்டு என்பதே இதற்குத் தெரியாது, பயாஸைப் புதுப்பித்தால் தெரிந்துகொள்ளும் என்று சாந்தினி மார்க்கெட் கம்ப்யூட்டர் கடையில் சொன்னார்கள்.

பயாஸ் என்றால் வேறொன்றுமில்லை. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் முதன்முதலாகப் படிக்கும் பாடம். தான் யார், தன்னோடு என்னென்ன இணைந்திருக்கிறது என்பதெல்லாம் மதர்போர்டில் ஒரு சின்னச் சில்லில், அதாவது சிப்பில், எழுதியிருக்கும். அதை அழித்துவிட்டு ஃப்ளாப்பியிலிருந்து புதுப் பாடத்தை எழுத வேண்டும். பாதியில் நின்றால் போச்சு... சுவிட்சைப் போட்டாலும் தான் ஒரு கம்ப்யூட்டர் என்பதே அதற்கு நினைவிருக்காது.

போன வருடம் என் கம்ப்யூட்டருக்கு நானே செய்திருக்கிறேன். பிசகில்லாமல் நடந்தது. 'நான் பார்த்துக்கறேன்' என்று முன்வந்ததும் நான்தான். பரீட்சை முடியட்டுமே என்று சரோஜாவின் அம்மா தயங்கினார். 'அண்ணா கை வெச்சா கரெக்டா இருக்கும்மா' என்று சரோஜாதான் அவரைச் சமாதானப்படுத்தினார்.

என் ஏற்பாடுகளில் ஒரு குறை சொல்ல முடியாது. எட்டு மாத டைரியைப் புரட்டி எங்கள் காலனியில் எப்போதெல்லாம் லோட் ஷெட்டிங் என்று மின்சாரத்தை நிறுத்தினார்கள் என்று பார்த்தேன். ஞாயிறு காலையில் ஒரு தடவைகூட இல்லை. இருந்தும் யூபிஎஸ்ஸை என் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனேன். ஃபைல் சரியானதுதானா என்று மதர்போர்டின் எண்ணை மூன்று முறை ஒப்பிட்டேன். மின்சாரம், ஃப்ளாப்பி, ஃபைல் என்று எல்லாவற்றுக்கும் காவல் போட்டேன். ஒரே ஒரு ஆளுக்குக் காவல் போட மறந்துவிட்டேன்.

கடைக்காரர் கொடுத்த தாளில் 'சுமார் இரண்டு நிமிடம் ஆகும்' என்று இருந்தது. என் கம்ப்யூட்டருக்கு ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது, டைரியில் இருக்கிறது. எனவே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

ஒரு நிமிடம்... திரையில் வெள்ளைப் பட்டை பாதி தூரம் வந்தது. இரண்டு நிமிடம்... முக்கால் தூரம். அங்கேயே நின்றது. இரண்டு நிமிடம் இருபது விநாடி. நகரவில்லை. இரண்டு நாற்பது.

"ஹேங் ஆயிடுச்சு" என்றேன்.

"கொஞ்சம் இருங்களேண்ணா. எதுக்கு அவசரம்?"

"டைம் தாண்டிடுச்சும்மா. ரெண்டு நிமிஷம்னு போட்டிருக்கான்."

'சுமார்' என்ற சொல்லுக்கு என் வாழ்க்கையில் என்றைக்குமே மரியாதை இருந்ததில்லை. சுவிட்சை அணைத்தேன். திரும்பப் போட்டேன்.

திரை கறுப்பு. வழக்கமாக வரும் 'பீப்' இல்லை. எழுத்து இல்லை. துரை இல்லை.

பழைய போர்டு, மெதுவாக எழுதிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். எழுதிக்கொண்டிருந்த கையைப் பாதியில் வெட்டிவிட்டேன்.

சரோஜாவின் அம்மா கொண்டுவந்த காபியை மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

"துரையைக் கொன்னுட்டீங்களாண்ணா?" என்றார் சரோஜா. கிண்டல்தான். ஆனால் கை இரண்டும் மடியில் இறுக்கிக் கோத்திருந்தன.

சாந்தினி கடையின் மெக்கானிக் போலாநாத்தை வீட்டு நம்பரில் பிடித்தேன். வங்காளியில் அவர் விளக்கியதன் சாரம் இது: சில்லைக் கழற்றி எடுத்து, அதற்கென்று தனி மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து எழுதி வாங்க வேண்டும். நாளைக்கு பந்த், கடை திறக்காது. எப்படியும் ஒரு வாரம். அவசரமென்றால் போர்டையே மாற்றலாம். ஆனால் பேசும் மென்பொருள் அந்த போர்டோடு பூட்டப்பட்டது. வேறு போர்டில் பேச வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து மறுபடி அனுமதி வர வேண்டும். அதற்கு எத்தனை வாரம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு வாரம். தேர்வு ஏழாவது நாள்.

திரும்பிப் பார்த்தால் சரோஜா தரையில் உட்கார்ந்திருந்தார். காது கம்ப்யூட்டர் பெட்டியோடு ஒட்டியிருந்தது. சுவிட்சைப் போட்டார். கேட்டார். அணைத்தார். மறுபடி போட்டார். இப்படி நான்கு தடவை. அதை ஏன் இன்னும் வதைக்கிறார் என்று எனக்கு உள்ளூர எரிச்சல்கூட வந்தது.

"இது சாகலைண்ணா" என்றார்.

"திரையில ஒண்ணுமே இல்லையேம்மா."

"திரையை விடுங்க. போட்ட உடனே ஃபேன் சுத்துது. அப்புறம் ஃப்ளாப்பி ஒரு தடவ 'கர்'ருங்குது. நிக்குது. மறுபடி 'கர்'ருங்குது. தினம் துரை எழுந்திருக்கும்போது ஒரு தடவதான் அந்தச் சத்தம் வரும். இப்ப விடாம வருது. செத்தவன் எதுக்கு ஃப்ளாப்பி கேக்கறான்?"

நானும் காதை வைத்தேன். எனக்கு ஃபேன் மட்டும்தான் கேட்டது. 'இப்போ' என்று அவர் என் தோளைத் தட்டியபோதுதான் அந்தச் சின்னக் கரகரப்பு பிடிபட்டது.

மறுபடி போலாநாத். இந்தத் தகவலைச் சொன்னேன். அவர் விளக்கினார்.

அந்தச் சில்லில் ஒரு மூலை உண்டாம். புதுப் பாடம் எழுதும்போதும் அந்த மூலையை மட்டும் அழிக்க மாட்டார்கள். மற்றதெல்லாம் பாழாய்ப் போனாலும் அது பிழைத்திருக்கும். அதற்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்... ஃப்ளாப்பியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது. திரையைக்கூட எரிய வைக்கத் தெரியாது. கேட்கும், காத்திருக்கும், மறுபடி கேட்கும். நாம் சரியான ஃப்ளாப்பியைக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டே மொத்தப் பாடத்தையும் திரும்ப எழுதிக்கொள்ளும்.

யோசித்துப் பாருங்கள். எந்த நாட்டிலோ, எந்த அறையிலோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து, என்றாவது ஒருநாள் ஒரு அவசரக்காரன் பாதியில் சுவிட்சை அணைப்பான் என்று நினைத்திருக்கிறார். அவனுக்காக ஒரு மூலையை மிச்சம் வைத்திருக்கிறார். என்னைப் பார்க்காமலேயே என்னை அறிந்தவர்!

ஆனால் போலாநாத் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். திரை வராது. உள்ளே என்ன நடக்கிறது, எங்கே நிற்கிறது, எதுவும் தெரியாது. கண்ணால் பார்க்காமல் இந்த வேலையைத் தான் செய்வதில்லை என்றார். இதை நான் அப்படியே சொன்னதும் சரோஜா சிரித்துவிட்டார். அன்று காலையில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"பாக்காம செய்யறது அவருக்குத்தான் புதுசு. போய் ஃப்ளாப்பி ரெடி பண்ணிட்டு வாங்கண்ணா."

வீட்டுக்கு ஓடினேன். கம்ப்யூட்டரைத் துவக்கக்கூடிய ஃப்ளாப்பி, எழுதும் புரோகிராம், பயாஸ் ஃபைல், யாரும் கீபோர்டைத் தொடாமல் தானாக ஓடும்படி ஒரு வரிக் கட்டளை. போலாநாத் போனில் சொன்னதை எழுத்து எழுத்தாக எழுதி வைத்திருந்தேன். அதில் என்னை நம்பலாம்.

திரும்பி வந்து ஃப்ளாப்பியைச் செருகி சுவிட்சைப் போட்டோம். சரோஜா பெட்டியின் மேல் விரல் நுனிகளை வைத்துக்கொண்டார். கர்... கர்ர்... படிக்கிறது. அரை நிமிடம் போனது. திடீரென்று சரோஜாவின் புருவம் சுருங்கியது.

"இது சரியில்ல. ஒரே எடத்துல திரும்பத் திரும்ப முட்டுது. கேளுங்க... டக், டக், டக். முன்னாடி போகவே இல்ல. ஃப்ளாப்பி கெட்டுப் போயிருக்கு."

எனக்கு அதுவும் கர்ரும் ஒன்றாகத்தான் கேட்டது. பாதியில் அணைத்தவன் மறுபடி அணைப்பதா? தயங்கினேன். படிப்பே முடியவில்லை, எழுத இன்னும் ஆரம்பித்திருக்காது, தைரியமாக அணைக்கலாம் என்றார் சரோஜா. அணைத்தேன். வீட்டுக்கு ஓடினேன். புது ஃப்ளாப்பியைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தேன். பழையதை என் கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்தும் பார்த்தேன். பயாஸ் ஃபைலின் நடுவில் படிக்க முடியாத ஒரு இடம். சொன்னது சொன்னபடி.

இரண்டாவது முயற்சிக்கு முன் சரோஜா கையை நீட்டினார்.

"வாட்சைக் கழட்டிக் குடுங்க."

கொடுத்தேன். உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டேன். கர்... கர்ர்... "புரோகிராமைப் படிக்குது" என்றார். சற்று நேரம் கழித்து, நீளமாக ஒரு கரகரப்பு. "இது ஃபைல். தடங்கல் இல்லாம போகுது." பிறகு அந்தச் சத்தமும் நின்றது. ஃபேன் மட்டும்.

"இப்பதான் எழுதுது. யாரும் தொடாதீங்க."

கறுப்புத் திரை. அதில் என் முகம்தான் தெரிந்தது. சமையலறை வாசலில் அம்மா. தெருவில் ஆட்டோ ஹாரன். என் கை நான்கு முறையாவது சுவிட்சை நோக்கிப் போயிருக்கும். நான்கு முறையும், எப்படித்தான் தெரிந்ததோ, "அண்ணா" என்றார் சரோஜா. அது எத்தனை நிமிடம் நீடித்தது? எனக்குத் தெரியாது. டைரியில் அந்த இடத்தில் 'சுமார்' என்று எழுதியிருக்கிறேன்.

பீப்.

ஒரே ஒரு பீப். தினமும் எந்த மதிப்பும் கொடுக்காமல் கடந்துபோகிற அந்தச் சின்னச் சத்தம். அம்மா அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஃப்ளாப்பியை வெளியில எடுங்க, இல்லாட்டி மறுபடி மொதல்லேர்ந்து எழுத ஆரம்பிச்சிடும்" என்றார் சரோஜா. எடுத்தேன். திரையில் எழுத்துகள் வந்தன. புது டிஸ்க்கை மாட்டினோம். நாற்பது ஜிபியையும் ஒப்புக்கொண்டது. சற்று நேரத்தில் துரையும் வந்து, ஒன்றுமே நடக்காததுபோல வணக்கம் சொன்னார்.

போலாநாத்துக்குப் போன் செய்தேன். யார் கேட்டுச் சொன்னது என்று இரண்டு முறை விசாரித்தார். கடைக்கு ஒருநாள் அழைத்து வர முடியுமா என்றும் கேட்டார். சரோஜாவிடம் சொன்னேன். முதலில் பரீட்சை என்றார்.

கிடர்பூர் ஆபீசில் இருபத்தாறு வருடமாகக் காகிதங்களைச் சரிபார்க்கிறேன். எதையும் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன். அதே பழக்கத்தில் திரை கறுத்ததும் 'செத்தது' என்று சான்றிதழும் கொடுத்துவிட்டேன். உள்ளே ஒன்று உயிரோடு இருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த அறையில் அதைக் கேட்க ஒருவர் இருந்தார். அவர் மட்டும் இல்லையென்றால் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருப்பேனே... இதுவரை அப்படி எத்தனையைப் போட்டிருக்கிறேனோ? நினைத்தால் சிலிர்க்கிறது.

இதையெல்லாம் அவரிடமே சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். சரோஜா அதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிட்டார். கடைசி நான்கு பாடங்கள் பாக்கி இருந்தன. ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி, என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அண்ணா, போகும்போது அந்தத் திரையை அணைச்சிட்டுப் போங்க. உங்களுக்காகத்தான் போட்டது, வீணா எரியுது."